பட்டறையில் செய்ததை வெளிநாட்டில் ஓட்டிப் பார்க்க அரசுப் பணம்: வடசென்னைச் சிறு தொழில்காரர்களுக்கு முழு வழிகாட்டி

"ஃபாரின்ல டெஸ்ட் பண்ண கவர்மென்ட்டே காசு தருதாமே சார், எந்த ஸ்கீம்?" வியாசர்பாடி, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஸ்கீமின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தின் மூன்றாவது பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தில்தான் "எங்கே சோதிக்கிறீர்கள், எதை அளக்கிறீர்கள், இடம் தருவது யார்" என்று கேட்டிருப்பார்கள். அதற்குப் பதில் இருந்தால் ஸ்கீம் தானாகவே தெரிந்துவிடும்.

அதனால் இந்த வழிகாட்டியில் பணம் நான்காவது படியில்தான் வருகிறது. பேச வசதியாக ஒரு கற்பனைப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். வியாசர்பாடி தொழிற்பேட்டையில் எண்ணெய் கலந்த நீரைப் பிரிக்கும் இயந்திரம் செய்கிறார்கள். கப்பலின் அடியில் தேங்கும் எண்ணெய் கலந்த பில்ஜ் நீர், லாரி ஷெட் கழுவிய நீர், சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப் கழிவுநீர் எல்லாம் இதற்குள் போகும். நம் பக்கத்தில் இந்தத் தொழிலுக்கு வேலை பஞ்சமே கிடையாது. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளி, மணலி சுத்திகரிப்பு ஆலை எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் படிந்தபோது, மீனவர்கள் தண்ணீர் மக் வைத்து அள்ளியதை ஊரே பார்த்தது. அந்த அனுபவத்தில் பிறந்த இயந்திரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஏன் வெளிநாடு?

மதிப்பீட்டுக் குழுவின் முதல் கேள்வியே இதுதான். "எக்ஸ்போர்ட் பண்ணணும்" என்பது பதிலாகாது. செல்லுபடியாகும் காரணங்கள் மூன்று: இங்கே கிடைக்காத சூழல், அந்த நாட்டு விதி கேட்கும் சான்று, அல்லது வாங்கப்போகிறவர் தன் இடத்தில் ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது.

முதல் காரணத்தை நம் பட்டறைக்குப் பொருத்திப் பார்ப்போம். இங்கே தொட்டியில் நீர் வருஷத்தில் பெரும்பகுதி 28 டிகிரி வாக்கில் இருக்கும். வட ஐரோப்பியத் துறைமுகத்தில் ஜனவரி மாதம் அதே நீர் 5 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தக் குளிரில் நீரின் பாகுத்தன்மை இங்கே இருப்பதைப்போல ஏறக்குறைய 1.8 மடங்கு. எண்ணெய்த் துளி மேலே மிதந்து வரும் வேகம் பாகுத்தன்மைக்கு எதிர் விகிதத்தில் இருப்பதால், துளி கிட்டத்தட்ட பாதி வேகத்தில்தான் ஏறும். அதே தொட்டி அங்கே பாதி வேலைதான் செய்யும். கனமான எண்ணெய் கெட்டியாகி, இயந்திரத்துக்குள் எண்ணெயைப் பிரிக்கும் தகட்டில் ஒட்டிக்கொள்வது தனித் தலைவலி. இதைக் காகிதத்தில் கணக்குப் போடலாம். ஆனால் வாங்குபவர் காகிதத்துக்குப் பணம் தரமாட்டார். "குளிர்ந்த நீரில் எங்கள் இயந்திரம் எத்தனை லிட்டர் வரை தாங்கும் என்று தெரிய வேண்டும்" என்ற ஒரு வரியே மதிப்பீட்டாளருக்குப் போதும்.

இரண்டாவது காரணத்துக்கும் எடுத்துக்காட்டு கையிலேயே இருக்கிறது. கப்பலில் பொருத்தும் பில்ஜ் பிரிப்பானுக்கு சர்வதேசக் கடல்சார் அமைப்பின் எம்இபிசி 107(49) தீர்மானம் பொருந்தும். வெளியேறும் நீரில் எண்ணெய் 15 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 15 பங்கு) தாண்டக் கூடாது. சோதனைத் திரவங்கள் ஏ, பி, சி என்று மூன்று. அதில் சி என்பது எமல்ஷன், அதாவது எண்ணெய் நுண்துளிகளாக நீரோடு கலந்துபோன கலவை. சாதாரணத் தகட்டுப் பிரிப்பான்கள் திணறுவது அங்கேதான். சந்தை கப்பலா, தரையில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் சோதனை வேறு, செலவு வேறு.

இங்கேயே செய்து முடிக்கக்கூடியதை அங்கே போய்ச் செய்யாதீர்கள். என்ஏபிஎல் (இந்திய ஆய்வக அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தின் அறிக்கையை, ஐலாக் என்ற சர்வதேச ஆய்வக அங்கீகார உடன்பாட்டின் கீழ் பல நாடுகள் ஏற்கின்றன. நீரின் எண்ணெய் அளவு, மின் பாதுகாப்பு, பொருளின் அரிப்புத் தாங்கும் தன்மை எல்லாவற்றையும் சென்னையிலேயே முடித்துக்கொண்டு போகலாம். விண்ணப்பங்களில் டிஆர்எல் என்று, தொழில்நுட்பம் எவ்வளவு தயார் என்பதைக் காட்டும் 1 முதல் 9 வரை ஓர் அளவுகோல் கேட்பார்கள். ஆய்வக மேசையில் ஓடுவது 4. உண்மையான களத்தில் முழு அளவு மாதிரி ஓடினால் 7. வெளிநாட்டுச் சோதனைக்குப் போகும்போது 6-ல் நிற்பது நல்லது. மணலியிலோ காசிமேட்டிலோ நாலு மாதம் உண்மையான அழுக்கு நீரில் ஓட்டிய பதிவேடு இருந்தால் அந்த 6-ஐ யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

படி 2: இடம் கொடுப்பவரைப் பிடியுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். இதற்கு ஸ்கீம் கிடையாது, தொடர்புதான். துறைமுக நிர்வாகம், நகராட்சி நீர் நிறுவனம், பல்கலைக்கழகம், கப்பல் பழுதுபார்க்கும் தளம் என்று யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். சில பொது நிறுவனங்களே தங்கள் இடத்தைச் சோதனைக்குத் திறந்துவைக்கின்றன. சிங்கப்பூரின் தேசிய நீர் நிறுவனமான பியுபி அப்படிச் செய்வதில் பெயர் பெற்றது.

கிடைத்ததும் அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வாங்க வேண்டும். "ஆர்வம் உள்ளது, வாழ்த்துகள்" என்று வரும் மின்னஞ்சல் மதிப்பீட்டில் பூஜ்யம். கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: எந்த இடம், எந்த மாதங்கள், ஒரு நாளைக்கு எத்தனை கனமீட்டர் நீர் தருவார்கள், மின்சாரமும் ஆளும் யார் செலவு, பிரித்தெடுத்த எண்ணெயையும் கசடையும் யார் அப்புறப்படுத்துவது, விபத்து நடந்தால் யார் காப்பீடு, சோதனைத் தரவு யாருக்குச் சொந்தம், முடிந்தபின் இயந்திரம் திரும்புமா அங்கேயே இருக்குமா. கசடு பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். அபாயக் கழிவை நாடு விட்டு நாடு கொண்டுபோக பாசெல் உடன்படிக்கை குறுக்கே நிற்கும். "கொஞ்சம் கசடை டப்பாவில் எடுத்துட்டு வந்து நம்ம லேப்ல பாத்துக்கலாம்" என்பது நடக்காத காரியம்.

கடிதம் வாங்கும் அவசரத்தில், காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் இயந்திரத்தின் வரைபடத்தைக் காட்டிவிடாதீர்கள். நம் காப்புரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவுப்படி, இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் நேரடியாக விண்ணப்பிக்க அனுமதி வேண்டும். அல்லது இங்கே விண்ணப்பித்து 6 வாரம் கழிய வேண்டும். எளிய வழி, முதலில் இங்கே ஒரு புரொவிஷனல் (தற்காலிக காப்புரிமை விண்ணப்பம்) போட்டுவிடுவது. சிறு நிறுவனத்துக்கு ஆன்லைன் கட்டணம் 1,600 ரூபாய். அன்று முதல் 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பமும் வெளிநாட்டு விண்ணப்பங்களும் போக வேண்டும். சோதனை அந்த 12 மாதத்துக்குள் முடிந்தால் அதன் முடிவுகளையும் முழு விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ளலாம். தேதியைத் திட்டமிடும்போது இது மனதில் இருக்கட்டும்.

படி 3: காகிதம்

உத்யம் என்ற சிறு தொழில் பதிவு எல்லாரிடமும் இருக்கும். 2025 ஏப்ரல் முதல் வரம்புகள் மாறிவிட்டன. குறு என்றால் முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை. சிறு என்றால் 25 கோடி, 100 கோடி வரை. உங்கள் வகை சரியாகக் காட்டுகிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.

நம் பகுதியில் பலருக்குத் தடையாக நிற்பது தனிநபர் உரிமை. அப்பா காலத்தில் தொடங்கியது, அவர் பெயரில் ஜிஎஸ்டி, அப்படியே ஓடுகிறது. ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் புரொப்ரைட்டர்ஷிப்புக்குக் கிடையாது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி, பதிவான கூட்டாண்மை போன்றவைக்குத்தான். இரு நாட்டுக் கூட்டு ஆராய்ச்சி நிதிகளும் நிறுவனத்தையே எதிர்பார்க்கின்றன. "கம்பெனி ஆக்கினா ஆடிட் செலவு வரும்" என்று தள்ளிப்போடுபவர்கள் உண்டு. வரத்தான் செய்யும். இந்தப் பாதையில் போவதாக இருந்தால் அந்தச் செலவை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. பழைய தொழிலைத் தொடாமல், புது இயந்திரத்துக்கு மட்டும் தனி நிறுவனம் தொடங்குவது பலருக்குச் சரிப்படும்.

மற்றவை சுலபம். டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் ஐஇசி என்ற ஏற்றுமதி-இறக்குமதி எண், கட்டணம் 500 ரூபாய். இன்ஜினியரிங் பொருள் என்பதால் இஇபிசி (பொறியியல் ஏற்றுமதி ஊக்குவிப்புக் கவுன்சில்) தரும் ஆர்சிஎம்சி என்ற உறுப்பினர் சான்று. இரண்டு மூன்று வருஷத் தணிக்கை செய்த கணக்கு. டிஜிட்டல் கையெழுத்து.

படி 4: எந்தச் செலவுக்கு எந்தப் பை

வெளிநாட்டுச் சோதனை என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தேடி நாளைக் கழிக்காதீர்கள். செலவைத் துண்டுகளாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் பொருந்தும் பையைத் தேடுங்கள்.

பெரிய பை, இரு நாட்டுக் கூட்டு நிதி. இதன் அடிப்படை விதியைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்: ஒவ்வொரு நாடும் தன் நிறுவனத்துக்கு மட்டுமே பணம் தரும். டெல்லி உங்களுக்குத் தரும், வெளிநாட்டுக் கூட்டாளிக்கு அவர்கள் அரசு தரும். அதனால் அங்கேயும் ஒரு நிறுவனம் கூட்டாளியாக இருந்து, அதே காலக்கெடுவுக்குள் அவர்களும் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியப் பக்கத்தில் இதில் பலவற்றை நடத்திவந்தது கீட்டா. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழுள்ள தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியமும், தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பான சிஐஐ-யும் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு அது. 2017-ல் அறிவிக்கப்பட்ட இந்திய-இஸ்ரேல் நிதியான ஐ4எஃப் இதன் வழியாகத்தான் வந்தது. இரண்டு நாடுகளும் தலா 2 கோடி டாலர் போட்டன. நீரும் எரிசக்தியும் அதன் துறைகளில் அடக்கம். தகுதியுள்ள செலவில் 50 சதவீதம் வரை. ஸ்பெயினின் சிடிடிஐ, ஸ்வீடனின் வின்னோவா ஆகிய புத்தாக்க நிதி அமைப்புகளோடும் இந்தியா இப்படிக் கூட்டு அழைப்புகளை நடத்தியிருக்கிறது.

ஜெர்மனி என்றால் குருகிராமில் இருக்கும் இந்திய-ஜெர்மன் அறிவியல் தொழில்நுட்ப மையம். அதன் 2+2 முறையில் இரண்டு பக்கமும் ஒரு நிறுவனம், ஓர் ஆராய்ச்சிக் கூடம் வேண்டும். சென்னைக்காரர்களுக்கு இது சாதகம். அண்ணா பல்கலைக்கழகம், ஐஐடி, அடையாறு சிஎல்ஆர்ஐ (மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்) என்று நீர்ச் சுத்திகரிப்பில் ஊறிய இடங்கள் ஒரு பஸ் தூரத்தில் இருக்கின்றன. பேராசிரியரை நேரில் போய்ப் பாருங்கள். கையில் கள ஓட்டத்தின் பதிவேடு இருந்தால் பேச்சு சீக்கிரம் முன்னேறும். நிஜக் கழிவுநீர்த் தரவு அவர்களுக்கும் அரிதாகவே கிடைக்கிறது.

இந்த அழைப்புகள் எப்போதும் திறந்திருக்காது. 2025 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவும் சேர்ந்து கடல் மாசுக்கும், கழிவிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பதற்கும் சுமார் 391 கோடி ரூபாய்க்கு அழைப்பு விட்டன. எண்ணூர்க்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடையாது. ஆனால் அது சில மாதங்கள்தான் திறந்திருந்தது. அந்த நேரத்துக்குள் கூட்டாளியைத் தேடி, கடிதம் வாங்கி, பட்ஜெட் போடுவது நடக்காது. படி 1-லிருந்து 3 வரை முன்கூட்டியே முடிக்கச் சொல்வது இதனால்தான்.

நடுத்தரப் பை, வெளிநாடு போவதற்கு முந்தைய வேலைக்கு. ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட் 2021-ல் வந்தது. இன்குபேட்டர் (புது நிறுவனங்களை வளர்த்துவிடும் மையம்) மூலமாக மாதிரி செய்யவும் சோதிக்கவும் 20 லட்சம் வரை மானியம் தந்துவந்தது. தொடங்கி 2 வருஷத்துக்கு மேல் ஆகாத நிறுவனமாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தமிழ்நாட்டில், மாநில அரசின் ஸ்டார்ட்அப்டிஎன் அமைப்பு நடத்தும் டான்சீட் இருக்கிறது. பொதுவாக 10 லட்சம், பசுமைத் தொழில்நுட்பத்துக்கு 15 லட்சம். பதிலுக்கு நிறுவனத்தில் ஒரு சிறு பங்கு கொடுக்க வேண்டும். பங்கு என்றதும் சிலர் பின்வாங்குகிறார்கள். என் கணக்கில் அது நல்ல பேரம்தான். அரசு அமைப்பு உள்ளே வந்த நிறுவனம் என்பதற்கு வெளிநாட்டுக் கூட்டாளியிடம் ஒரு மதிப்பு உண்டு.

சில்லறைப் பைகளை அலட்சியம் செய்யாதீர்கள். முதல்முறை ஏற்றுமதி செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் திட்டத்தில், சோதனைக்கும் தரச் சான்றுக்கும் ஆகும் செலவில் 1 லட்சம் வரை திரும்பக் கிடைக்கும். ஆர்சிஎம்சி கட்டணத்துக்கும் இசிஜிசி (ஏற்றுமதிக் கடன் காப்பீடு) பிரீமியத்துக்கும் தனித்தனியே கொஞ்சம் உண்டு. எம்எஸ்எம்இ இன்னோவேட்டிவ் திட்டத்தில் வெளிநாட்டுக் காப்புரிமைக்கு 5 லட்சம் வரை ஈடு. சர்வதேசத் தரச் சான்றுக்கு மாநில அரசின் கியூ-செர்ட் மானியம். கண்காட்சிக்குப் போகும் விமானச் செலவு, ஸ்டால் வாடகைக்கு மத்திய அரசின் சர்வதேச ஒத்துழைப்புத் திட்டம். ஆனால் இதில் தனி ஆளாக நேரடியாகப் பணம் கேட்க முடியாது. சங்கம் போடும் குழுவில் சேர்ந்துதான் போக வேண்டும். உங்கள் பேட்டைச் சங்கம் தூங்கிக்கொண்டிருந்தால் வேறு சங்கத்தில் சேருங்கள்.

படி 5: கையில் எவ்வளவு வேண்டும்?

"50 சதவீதம் மானியம்" என்று கேட்டதும் மீதி 50 சதவீதம் இருந்தால் போதும் என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல். ஓர் உதாரணக் கணக்கு போடுவோம்.

சோதனை இயந்திரம் செய்ய 12 லட்சம். அந்த நாட்டு மின் தரத்துக்கு மாற்றமும் சிஇ (ஐரோப்பியப் பாதுகாப்புக் குறி) ஆவணங்களும் 5. போகவர சரக்குக் கட்டணம், காப்பீடு 6. இரண்டு பேரின் பயணம், தங்கல் 8. வெளி ஆய்வகக் கட்டணம் 7. சம்பளம் 7. காப்புரிமையும் எதிர்பாராத செலவும் 3. மொத்தம் 48 லட்சம்.

இதில் எல்லாமே தகுதியுள்ள செலவாகாது. 40 லட்சம் ஏற்கப்பட்டதாக வைப்போம். மானியம் 20. அது மூன்று தவணையாக 6, 8, 6 என்று வரும், கடைசி 6 தணிக்கைக்குப் பிறகு. ஆக எல்லா வேலையும் முடிந்து கடைசித் தவணைக்குக் காத்திருக்கும் நாளில் நீங்கள் 48 செலவழித்திருப்பீர்கள், 14 வந்திருக்கும். உங்கள் கையிலிருந்து வெளியே நிற்பது 34 லட்சம். உண்மையில் உங்களால் தாங்க முடிய வேண்டிய எண் இதுதான். அரசுப் பணம் எந்தத் தேதியில் வரும் என்று எந்த அதிகாரியாலும் எழுதித் தர முடியாது, அதனால் 34-ஐ ஆறு மாதம் கூடுதலாகத் தாங்குவதாகக் கணக்குப் போடுங்கள்.

வங்கியில் இதைக் காட்டித்தான் கடன் கேட்க வேண்டும். மானிய அனுமதிக் கடிதம் கையில் இருந்தால் மேலாளர் பேச்சுக் கொடுப்பார். அடமானம் இல்லாத சிறு தொழில் கடனுக்கு உத்தரவாதம் தரும் சிஜிடிஎம்எஸ்இ-யின் வரம்பு 2025 ஏப்ரலில் 10 கோடியாக உயர்ந்துவிட்டது. இந்தத் தொகைக்கு வீட்டுப் பத்திரம் கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். மீட்டர் வட்டிக்கு வாங்கி இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். மானியம் வருவதற்குள் வட்டி மானியத்தைத் தின்றுவிடும்.

படி 6: விண்ணப்பத்தில் என்ன எழுதுவது

சமூகப் பயன், பசுமை எதிர்காலம் என்று நாலு பக்கம் நிரப்பத் தேவையில்லை. மதிப்பீட்டாளர் தேடுவது சோதனைத் திட்டத்தை. அதில் எண்கள் வேண்டும். உள்ளே வரும் நீரில் எண்ணெய் எவ்வளவு, வெப்பநிலை எந்த வீச்சில், எத்தனை மணி நேரம் நிற்காமல் ஓட்டம், எந்த இடைவெளியில் மாதிரி எடுப்பு, எந்த முறையில் அளவீடு, எந்த எண்ணுக்குக் கீழே வந்தால் வெற்றி, எதைத் தாண்டினால் தோல்வி. தோல்விக்கான எண்ணை நீங்களே எழுதியிருந்தால் உங்கள்மீது நம்பிக்கை கூடும். எல்லாமே வெற்றி என்று எழுதிய விண்ணப்பத்தைப் படிப்பவர் அடுத்ததைப் புரட்டிவிடுவார்.

மாதிரி எடுப்பதையும் அளப்பதையும் நீங்களே செய்தால் அந்த எண் வாங்குபவரிடம் செல்லாது. சுற்றுச்சூழல் தொழில்நுட்பச் சரிபார்ப்புக்கு ஐஎஸ்ஓ 14034 என்ற தரம் 2016 முதல் இருக்கிறது. சுயேச்சையான அமைப்பு உங்கள் கூற்றைச் சரிபார்த்து அறிக்கை தரும். கொஞ்சம் செலவு பிடிக்கும், ஆனால் பட்ஜெட்டில் எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள். சோதனை முடிந்து நாலு வருஷம் கழித்தும் உங்கள் கையில் இருக்கப்போவது அந்த அறிக்கை ஒன்றுதான்.

படி 7: பெட்டி கட்டி அனுப்புவது

அனுமதி வந்தாயிற்று. சரி, இப்போது இயந்திரத்தின் நேம்பிளேட்டைப் போய்ப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ், 1440 ஆர்பிஎம் என்று இருக்கும். ஐரோப்பா, சிங்கப்பூருக்குப் போனால் 50 ஹெர்ட்ஸ்தான், பெரிய சிக்கல் இல்லை. கொரியாவிலும் அமெரிக்காவிலும் 60. அங்கே அதே மோட்டார் 1730 பக்கம் சுற்றும். மையவிலக்கு பம்ப்பில் திறன் தேவை வேகத்தை மூன்று முறை பெருக்கிய கணக்கில் (1.2 × 1.2 × 1.2) ஏறுவதால், 20 சதவீத வேகக் கூடுதலுக்குச் சுமை 1.7 மடங்குக்கு மேல் போகும். மோட்டார் எரிவது ஒரு பக்கம். அதைவிட மோசம், வேகமாகச் சுற்றும் இம்பெல்லர் எண்ணெய்த் துளிகளை இன்னும் பொடியாக அடித்து எமல்ஷனாக்கிவிடும். அப்புறம் பிரிப்பான் பிரிக்காது. பழி உங்கள் வடிவமைப்பின்மேல் விழும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி போடுங்கள், அல்லது உள்ளே தள்ளும் பம்ப்பை ஸ்க்ரூ பம்ப்பாக மாற்றுங்கள்.

அடுத்தது பெட்டி. மரப்பெட்டிக்கு, பூச்சி பரவாமல் தடுக்கும் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி உண்டு. மரத்தின் உள்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு அடையாளமாகக் கதிர்ச் சின்னமும் எச்டி என்ற எழுத்தும் உள்ள முத்திரை பலகையில் இருக்கும். பிளைவுட்டுக்கு இந்த விதி இல்லை என்பதால் பலர் பிளைவுட் பெட்டி அடிக்கிறார்கள். ஆனால் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஃபோர்க்லிஃப்ட் நுழைய அடியில் வைத்த மூன்று கட்டைகளும் சூடாக்கிப் பதப்படுத்தாத மரமாக இருக்கும். அதில் முத்திரை இல்லாவிட்டால் அந்த ஊர்த் துறைமுகத்தில் பெட்டி அப்படியே நிற்கும்.

சுங்கத்தில் முக்கியம், போன பொருளும் திரும்பி வரும் பொருளும் ஒன்றுதான் என்று காட்ட முடிவது. ராஜாஜி சாலை சுங்க இல்லத்துக்கு நடையாக நடக்கும் சிஎச்ஏ (சுங்க முகவர்) யாராக இருந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்: "சீரியல் நம்பர் எங்கண்ணே?" ஸ்டிக்கர் போதாது. இயந்திரத்தின் சட்டகத்திலும், பம்ப்பிலும், கன்ட்ரோல் பேனலிலும் எண்ணைப் பொறித்து, அதே எண்ணை ஷிப்பிங் பில்லில் ஏற்றுங்கள். புகைப்படமும் வையுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது உங்கள் சொந்த இயந்திரத்துக்கே இறக்குமதி வரி கட்டும் நிலை வரும். மதிப்பைக் குறைத்துப் போடவும் வேண்டாம். 12 லட்சம் இயந்திரத்தை 50 ஆயிரம் என்று போட்டால், வழியில் உடைந்தால் காப்பீடும் 50 ஆயிரம்தான் தரும்.

ஃபிக்கி (இந்திய வர்த்தகத் தொழில் கூட்டமைப்பு) தரும் ஏடிஏ கார்னெட் என்ற சுங்க ஆவணம் இருந்தால் வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய் வரலாம், ஒரு வருஷம் செல்லும். கண்காட்சிக்கு அது அருமை. மாதக்கணக்கில் ஓட்டும் சோதனைக்கு அந்த நாட்டுச் சுங்கம் அதை ஏற்குமா என்பதை இடம் கொடுப்பவர் மூலம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்காவிட்டால் அவர்கள் பெயரிலேயே தற்காலிக இறக்குமதி அனுமதி எடுக்கச் சொல்ல வேண்டும். வங்கியிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். விற்காமல் அனுப்பும் சரக்குக்குப் பணம் எங்கே என்று பின்னால் கேள்வி வரும். சோதனைக்காகப் போய்த் திரும்பும் பொருளுக்கு ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிகளில் விலக்கு இருந்திருக்கிறது. மற்றதற்கு ஜிஆர் வேவர், அதாவது ஏற்றுமதிக்குப் பணம் வராததற்கான விலக்கு, வாங்க வேண்டும். ஜிஎஸ்டியில், கண்காட்சிக்கும் கன்சைன்மென்ட்டுக்கும் வெளியே போகும் சரக்குக்கு 2019 சுற்றறிக்கை 6 மாதக் கெடு வைக்கிறது. உங்கள் ஓட்டம் அதைத் தாண்டும் என்றால் ஆடிட்டரோடு உட்கார்ந்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள். இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்களின் (ராணுவத்துக்கும் பயன்படக்கூடியவை) ஸ்கோமெட் பட்டியலையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சில வால்வு, பம்ப், சென்சர் வகைகள் அதில் இருக்கின்றன. லித்தியம் பேட்டரி இருந்தால் யுஎன் 38.3 என்ற பேட்டரிப் பாதுகாப்புச் சோதனை அறிக்கை இல்லாமல் எந்தக் கப்பலும் விமானமும் தொடாது.

படி 8: அங்கே போனபின்

ஷெங்கன் பிசினஸ் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்க முடியும். அதிலும் கூட்டத்துக்குப் போவது வேறு, ஸ்பேனர் பிடித்து வேலை செய்வது வேறு. இயந்திரத்தை நிறுவி ஓட்டப்போகிறோம் என்று அழைப்புக் கடிதத்தில் வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். தினப் பதிவேட்டை அங்கேயே, அன்றன்றைக்கு எழுதி, இரு பக்கமும் கையெழுத்திடுங்கள். இயந்திரம் நின்ற நேரத்தையும் எழுதுங்கள், ஏன் நின்றது என்பதையும். கிளம்புமுன் தொட்டியைக் கழுவி, எண்ணெய் எச்சம் இல்லை என்று இடம் கொடுத்தவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால் திரும்பும் வழியில் கேள்வி குறையும்.

படி 9: பில்லும் பயன்பாட்டுச் சான்றும்

இந்த வேலைக்கென்று தனி வங்கிக் கணக்கு முதல் நாளே திறந்துவிடுங்கள். வீட்டுச் செலவும் மானியமும் ஒரே கணக்கில் கலந்தால் மானியம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றில் ஆடிட்டரால் கையெழுத்துப் போட முடியாது. அந்தச் சான்று இல்லாமல் அடுத்த தவணை நகராது. வெளிநாட்டு பில் ஒவ்வொன்றுக்கும் பணம் போன தேதியின் மாற்று விகிதத்தையும் வங்கி அட்வைசையும் சேர்த்துக் கட்டி வையுங்கள். ஒரே பில்லை இரண்டு திட்டத்தில் காட்டக் கூடாது. விமான டிக்கெட்டை ஒரு திட்டத்தில் கேட்டால், அதன் மூலப் பிரதியின் மேலேயே திட்டத்தின் பெயரை எழுதிவிடுங்கள். மூன்று வருஷம் கழித்துத் தணிக்கையாளர் வந்து கேட்கும்போது நினைவை நம்பி நிற்க வேண்டியதில்லை. வருமான வரிக் கணக்கில் மானியமும் பொதுவாக வருமானமாகவே பார்க்கப்படும். முழுத்தொகையையும் செலவுக்கு என்று எண்ணியிருந்தவர்களுக்கு மார்ச்சில் அதிர்ச்சி வரும்.

எதிர்த்திசையிலும் ஒரு வழி

இவ்வளவையும் படித்துவிட்டு "34 லட்சம் என்னால் முடியாது" என்று தோன்றுகிறதா? உங்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. கனடா, ஜப்பான், நெதர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளும் தங்கள் சிறு நிறுவனங்கள் வெளிநாட்டில் கூட்டாளி தேடவும் சோதிக்கவும் பணம் தந்துவந்திருக்கின்றன. அவர்களுக்கு வேண்டியது கடினமான களமும், அந்தக் களத்தை அறிந்த உள்ளூர்ப் பட்டறையும். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கடுமையாக மாசுபட்ட பகுதிகளின் பட்டியலில் மணலியைச் சேர்த்தது. கொடுங்கையூரில் கழிவுநீரை ஆர்ஓ (சவ்வு வழி வடிகட்டல்) வரை சுத்திகரித்து மணலி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019 முதல் ஓடுகிறது. இப்படி அழுக்கும் அதைக் கழுவும் பெரிய ஏற்பாடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடம் எளிதில் கிடைக்காது. அவர்களின் இயந்திரத்தை இங்கே நிறுவி, ஓட்டி, பழுது பார்த்து, மாதிரி எடுத்துத் தரும் ஒப்பந்தத்தில் செலவு அவர்கள் அரசுடையது, கூலியும் கற்றுக்கொள்வதும் உங்களுடையது. அந்தப் பழக்கத்தில் கிடைக்கும் கூட்டாளியே நாளைக்கு உங்கள் இயந்திரத்துக்கு இடம் கொடுப்பவராகவும் அமையலாம்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளை மட்டும் கறாராகக் கேளுங்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு யார் பெயரில் எடுக்கப்படும், வெளியேறும் நீருக்கு யார் பொறுப்பு என்பது ஒன்று. அவர்கள் இயந்திரத்தைப் பிரித்து மேய்ந்து நீங்கள் செய்யும் மாற்றங்கள் யாருக்குச் சொந்தம் என்பது இன்னொன்று. இரண்டாவது வரியில் "எல்லாம் எங்களுடையது" என்று எழுதி வந்தால், கூலியை இரண்டு மடங்காகக் கேளுங்கள்.